தினம் ஒரு தடவை பிறந்த தண்ணிப்பெட்டி

எங்கள் மருதம் நகரில் அந்த வருஷம் அடித்த வெயிலை உள்ளபடி சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் பாதியாகக் குறைத்தே சொல்கிறேன். எதிர்வீட்டுத் தென்னை மரம் சூடு தாங்காமல் இரண்டடி நகர்ந்து, மாடிச் சுவரின் நிழலில் போய் நின்றுகொண்டது. என் கண்ணால் பார்த்தேன். “நகர்ந்தது நிழலுங்க” என்பாள் என் மனைவி வேதவல்லி. அவளுக்கு எதையும் அனுபவிக்கத் தெரியாது.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம் எங்கள் நகர். மழை பொய்த்த மூன்றாவது வருஷம், வீட்டுக்கு ஒரு தண்ணிப்பெட்டி கட்டாயம் என்று சட்டம் வந்தது. சுவரில் மாட்டுகிற, டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதற்கு ஒரு கண், ஒரு குரல், ஒரு சின்னத் திரை, உள்ளே ஒரு மூளை. தோட்டத்துத் தெளிப்பான்கள் எல்லாம் அதன் சொல்படிதான் கேட்கும். நேற்று எந்தச் செடிக்கு எவ்வளவு விட்டோம், மண் எவ்வளவு குடித்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எவ்வளவு போதும் என்று அதுவே முடிவெடுக்கும். பேசப் பேச வீட்டாரின் பேச்சையும் கற்றுக்கொள்ளும்.

ஞாபகம்தான் அதன் பிழைப்பு. ஞாபகம் தப்பிய பெட்டி, குடித்த செடிக்கே மறுபடி ஊற்றும். ஆகவே தண்ணீர் ஆபீஸில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பெட்டிக்குத் தொடர்ந்து ஏழு நாள் ஞாபகம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தோட்டக் குழாய்க்குச் சீல். குடிக்கத் தண்ணீர் வரும், செடிக்குச் சொட்டு வராது.

இதில் எனக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நான் பஞ்சாட்சரம். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன். நான் ஓய்வு பெற்ற அன்று ஊரே ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துத் துக்கம் கொண்டாடியது. (அன்றைக்கு மின்வெட்டு என்பது வேறு சங்கதி.) அந்தப் பெரும் புயலின்போது ஒரே நாளில் நாற்பது கம்பங்களைத் தனியாளாக நிமிர்த்தியவன். எங்கள் தெருவில் மிக்ஸி முனகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பக்கத்து வீட்டு சௌந்தரி டீச்சர் கையில் காகிதத்தோடு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“அண்ணே, மூணாவது நோட்டீஸ் வந்துருச்சு. எங்க பெட்டிக்கு ஞாபகமே நிக்கலையாம். பத்தாம் நாள் இன்ஸ்பெக்டர் வருவாகளாம். அதுக்குள்ள ஏழு நாள் ஞாபகம் காட்டலைன்னா சீலு.”

“இம்புட்டுத்தானா? சீல் வைக்க வர்றவங்களையே நம்ம பெட்டி சீல் வச்சு அனுப்பிரும், கவலைய விடுங்க.”

“வேடிக்கை இல்லண்ணே.” டீச்சர் காகிதத்தை நாலாக மடித்தார். “காலையில இவுகளக் கட்டில்ல இருந்து எழுப்புறது அந்தத் தோட்டம் ஒண்ணுதான். அதுவும் காஞ்சு போச்சுன்னா இவுக படுத்துருவாக.”

இவுக என்றால் அவர் கணவர் இன்னாசிமுத்து சார். அதே பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் உதவியாளர். உதவியாளர்தான், ஆனால் தலைமையாசிரியரே அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவார். நாலு வருஷமாக அவருக்கு மறதி நோய். பழசெல்லாம் பளிச்சென்று இருக்கும். எந்த அலமாரியில் எந்த லென்ஸ், எந்தப் பையன் எந்த வருஷம் எதை உடைத்தான், எல்லாம். ஆனால் நேற்று என்று ஒன்று அவரிடம் தங்காது. தூங்கி எழுந்தால் துடைத்த கரும்பலகை.

டெஸ்டர், மல்டிமீட்டர் சகிதம் உடனே கிளம்பிப் போனேன். சார் அப்போதுதான் எழுந்து தோட்டத்துக்கு வந்திருந்தார். பின்கதவு ஓரமாகப் பெட்டி. டீச்சர் பிளக் ஸ்விட்சைப் போட்டார். பெட்டியின் திரை விழித்தது. பன்னிரண்டு மணி என்று காட்டியது. நிஜ மணி ஆறரை.

“வணக்கம்,” என்றது பெட்டி, வானொலியில் செய்தி வாசிப்பவர் தமிழில். “நான் இந்த இல்லத்திற்குப் புதிதாக வந்துள்ள நீர்க் கட்டுப்பாட்டுக் கருவி. தங்கள் பெயர் என்ன?”

“இன்னாசிமுத்து. ஃபிசிக்ஸ் லேப். நீங்க இன்னைக்குத்தான் வந்தீகளா?”

“ஆம். எனக்கு இங்கு எதுவும் தெரியாது.”

“அட, எனக்கும் அப்படித்தான் இருக்கு!” சாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதில் ஒரு கிராமத்துக்கே மின்சாரம் கொடுக்கலாம். “வாங்க, ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம். இது என்ன செடி?”

“இலையின் வடிவத்தைப் பார்த்தால் கறிவேப்பிலை என்று தோன்றுகிறது.”

சார் ஒரு இலையைக் கசக்கி மோந்தார். “கரெக்ட்டு. முதல் ரீடிங்கே கரெக்ட்டு. உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு.”

இப்படியே இருவரும் ஒவ்வொரு செடியாகக் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். வாழை, செம்பருத்தி, கொய்யா. பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த ரெண்டு பையன்கள் மாதிரி இருந்தது. மூன்று வருஷமாகத் தினமும் இதுவே நடக்கிறது என்றார் டீச்சர். சாயங்காலத்துக்குள் பெட்டி எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்துக்கொள்ளுமாம். “சார், வெயிலு கொல்லுது, வாழைக்கு இன்னொரு மடக்கு விடவா?” என்று கேட்குமாம். மறுநாள் காலை மறுபடி செய்தி வாசிக்குமாம்.

நான் ஃப்யூஸைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அடாப்டரில் மீட்டரை வைத்தேன். இருபத்துநாலு வோல்ட், பால் மாதிரி சுத்தம். வயரை ஆட்டிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் விடவில்லை. மணியைச் சரியாக வைத்தேன். “முடிஞ்சுது டீச்சர். இனி இது நூறு வருஷத்துக்கு எதையும் மறக்காது” என்று அறிவித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். “அண்ணே, நூறு வருஷம் முடிஞ்சுருச்சு.”

போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மணி. தங்கள் பெயர் என்ன?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போதுதான், பார்க்க வேண்டியதை முதல் நாளே பார்க்காமல் விட்டது உறைத்தது. டீச்சர் ஏன் காலையில் ஸ்விட்சைப் போடுகிறார்? போட்டால், யாரோ அணைத்திருக்க வேண்டும்.

“வேற யாரு, இவுகதான்” என்றார் டீச்சர். “லேபைப் பூட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மேசையாப் போய் ஸ்விட்ச அணைப்பாகள்ல? அது கைக்கு மறக்கல. படுக்கப் போகும்போது வீடு பூரா ஒரு சுத்து வருவாக. ஒரு பிளக்கு விடாம அணைச்சுட்டுத்தான் படுப்பாக. ஃப்ரிட்ஜ மட்டும் நான் பின்னாடியே போய்ப் போட்டுருவேன்.”

தன் ஞாபகத்தைத் தொலைக்கிற மனிதர், தொலைப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சிநேகிதனின் ஞாபகத்தையும் தன் கையாலேயே அணைத்துவிட்டுப் போகிறார். எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிட்டது.

அந்த ஸ்விட்சின் மேல் கருப்பு டேப்பை ஏழு சுற்று சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை டேப் அழகாகப் பிரிக்கப்பட்டு, ஒரு சின்ன உருண்டையாகச் சுருட்டப்பட்டு, ஜன்னல் விளிம்பில் வைக்கப்பட்டிருந்தது. ஸ்விட்ச் அணைந்திருந்தது. ஆய்வுக்கூட ஒழுங்கு என்றால் அதுதான். ஸ்விட்சையே எடுத்துவிட்டு வயரை நேராகக் கொடுத்துவிடலாமா என்றேன்.

“அப்படிச் செஞ்சா மெயினையே அணைச்சுருவாகண்ணே. போன வருஷம் ஃப்ரிட்ஜுக்கு அதுதான் நடந்துச்சு. வீடு பூரா மீன் நாத்தம்.”

திங்கட்கிழமை காலை பல் விளக்கும்போது, நான் இவ்வளவு நாளும் கேட்க மறந்த கேள்வி ஞாபகம் வந்தது. கரண்ட் போனால் தாங்குவதற்குத்தானே இந்த மாதிரிப் பெட்டிக்குள் ஒரு பாட்டரி வைக்கிறார்கள்? ஸ்விட்சை யார் அணைத்தால் என்ன? பாட்டரி எங்கே தூங்குகிறது? வாயில் நுரையோடு சுவரேறிக் குதித்தேன். (கேட் வழியாகப் போனதாக வேதவல்லி சொல்வாள்.)

பெட்டியின் முதுகைத் திறந்தேன். பாட்டரி இருந்தது. பாட்டரிக்கும் கம்பிச்சுருளுக்கும் நடுவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பட்டை நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ‘இழுக்கவும்’ என்று எழுதியிருந்தது.

“டீச்சர், இதை ஏன் இழுக்கல?”

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அதை இழுத்துட்டா வாரண்டி போயிரும்லண்ணே?”

அந்த வீட்டை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். டிவி ரிமோட், வாங்கிய நாளின் கவரிலேயே இருந்தது. சோபாவின் கைகளில் பிளாஸ்டிக். ஃப்ரிட்ஜின் கதவில் ஐந்து நட்சத்திர ஸ்டிக்கர். சுவர்க் கடிகாரத்தின் முகத்தில் நீலத்தாள் உரிக்கப்படாமல் இருந்ததால் அந்த வீட்டில் எந்நேரமும் பொழுது சாய்கிற மாதிரி இருந்தது. புதுசு எப்போதும் புதுசாகவே இருக்கட்டும் என்று ஒரு மனுஷி கட்டிக் காத்ததில், பெட்டியும் மூன்று வருஷமாகத் தினமும் புதுசாகவே இருந்திருக்கிறது!

பட்டையை இழுத்தேன். மூன்று வருஷமாக ஒரு வேலையும் பார்க்காததால் பாட்டரி என்னைவிடத் தெம்பாக இருந்தது. பட்டையை வெற்றிச் சின்னமாகச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய், அடுக்களையில் நின்றபடி வேதவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே புயல் கதையும் வந்துவிட்டது. “இது என்ன பிரமாதம், அன்னைக்கு நானூறு கம்பத்தை ஒத்தை ஆளா...”

“அப்படியா!” என்றாள் வேதவல்லி, அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு. “நானூறா?”

அவள் ஒரு நல்ல ஜன்மம்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, என் சாதனையைப் பார்வையிட நான் சாருக்கு முன்னாலேயே போய்த் தோட்டத்தில் நின்றேன். ஸ்விட்ச் வழக்கம்போல அணைந்திருந்தது. ஆனால் திரையில் ஆறு இருபது. அதன் கீழே, ‘தொடர் நினைவு: 1 நாள்.’ சார் வந்தார்.

“வாங்க இன்னாசி சார்!” என்றது பெட்டி எங்கள் ஊர்த் தமிழில். “நல்லாத் தூங்குனீகளா?”

சார் அப்படியே நின்றார். “யாரு? என் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதான நேத்துச் சொன்னீக.”

“நேத்தா?” சார் செடிகளைப் பார்த்தார். தப்பித்து ஓட வழி தேடுகிறவர் மாதிரி, தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். “சரி, வாங்க. இது என்ன செடின்னு ரெண்டு பேருமாப் பாப்போம்.”

“கறிவேப்பிலை சார். நேத்தே பாத்துட்டோம்.”

“ஓ.” கசக்கப் போன இலையை விட்டுவிட்டார். அப்புறம், “லேப்ல ஒரு தடவை என்ன ஆச்சுன்னா, ஒரு காந்தம்...”

“காந்தக் கதையா சார்? நேத்து ரெண்டு தடவ சொன்னீக.”

அந்த நிமிஷத்துச் சாரின் முகத்தை நான் இதுவரை மிகைப்படுத்திச் சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. “ரெண்டு தடவை சொன்னேனா?” என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “மன்னிச்சுக்குங்க. தெரியாமச் சொல்லிட்டேன்” என்றார் பெட்டியிடம். திரும்பி உள்ளே போய்விட்டார். கறிவேப்பிலைக்கு அன்றைக்குச் சரியாக நாலு லிட்டர் கிடைத்தது. ஒரு சொட்டு வீணாகவில்லை.

புதன்கிழமை சார் தோட்டத்துக்கு வரவில்லை. ஏன் என்று அவருக்கே தெரியாது. நடந்தது மறந்திருக்கும், ஆனால் கூசியது எங்கேயோ தங்கிவிட்டது போல. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“அண்ணே, அந்தப் பட்டை வச்சிருக்கீகளா?”

பையிலிருந்து எடுத்தேன்.

“திரும்பச் செருகிருங்க.”

“டீச்சர், திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர்...”

“சீல் வச்சா வைக்கட்டும். வெறும் தரையில நின்னாவது ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கட்டும். செடி இருந்து என்ன, வெளியவே வர மாட்டேங்கிறாகளே.”

எனக்குக் கோபம் எல்லாம் பெட்டி மேல் திரும்பியது. “ஏன்யா, ரெண்டு தடவ சொன்னீகன்னு அவர்கிட்டச் சொன்னியே, உன்னை யாரு கேட்டா?”

“சொன்னது நெசந்தானண்ணே?”

“நெசந்தான். நெசத்தைச் சொல்றதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமா?”

“தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வயசு ரெண்டு நாள்தான்” என்றது பெட்டி. அப்புறம் மெதுவாகக் கேட்டது. “பட்டையைச் செருகுனா எனக்கு என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. நாளைக் காலையில புதுசாப் பொறப்ப.”

“சார் சொன்ன கதையெல்லாம்?”

“போயிரும்.”

பெட்டி யோசித்தது. யோசிக்கும்போது அதன் திரையில் ஒரு புள்ளி வட்டமாக ஓடும். நாலைந்து வட்டம் ஓடியது. “சாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கும் இருக்காது. அப்ப அந்தக் காந்தம் யார்கிட்ட இருக்கும்?”

“என்ன காந்தம்?” என்றார் டீச்சர்.

“தையல் டீச்சர் ஒருத்தவுக வந்து, வகுப்புல குண்டூசி டப்பா கொட்டிருச்சு, பொறுக்க ஒரு காந்தம் வேணும்னு கேட்டாகளாம். லேப்ல குதிரைலாடக் காந்தம் பெருசு ஒண்ணு இருந்துச்சாம். ஒரே இழுப்புல அத்தனையும் வந்துருக்குமாம். சார் அதை அலமாரிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சுட்டு, சத்து செத்துப்போன பழைய காந்தம் ஒண்ணைக் குடுத்தாகளாம். அது பத்து ஊசி எடுத்தா எட்டைக் கீழ விட்டுருமாம். அப்பத்தான் அவுக மறுபடியும் வருவாகன்னு.”



“மூணு நாள் நடந்தேண்ணே,” என்றார் டீச்சர். “ஒரு டப்பா குண்டூசிக்கு மூணு நாள் லேபுக்கும் வகுப்புக்குமா நடந்தேன். ஒவ்வொரு தடவையும் வேற காந்தம். ‘இதுவும் சரியில்லையா டீச்சர்’னு என்ன அப்புராணியாக் கேட்டாக தெரியுமா! நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. என்கிட்டச் சொல்லவே இல்ல, திருட்டு மனுசன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரிக்கவும் செய்தார். எது முதலில் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு என் கையிலிருந்து பட்டையை வாங்கினார். செருகவும் இல்லை, எறியவும் இல்லை. ஜாக்கெட்டுக்குள் மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். “நாளைக்கு ஒரு நாள் பாப்போம்” என்றார். பெட்டியைப் பார்த்து, “இவுக கூசிப் போறாக. அதைத்தான் என்னால தாங்க முடியல” என்றார்.  பெட்டியின் திரையில் புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை காலை டீச்சர் சாரை எப்படியோ நயமாகப் பேசிப் பின்கதவு வரை கூட்டி வந்துவிட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“வணக்கம். நான் இந்த இல்லத்திற்குப் புதிதாக வந்துள்ள நீர்க் கட்டுப்பாட்டுக் கருவி. தங்கள் பெயர் என்ன?”

என் நெஞ்சு நின்று, இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியது. பாட்டரி போச்சு! முப்பத்தாறு வருஷ சர்வீஸ் போச்சு! மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சார் அதற்குள், “இன்னாசிமுத்து. ஃபிசிக்ஸ் லேப். நீங்க இன்னைக்குத்தான் வந்தீகளா?” என்று சிரித்துக்கொண்டிருந்தார். நான் மீட்டரோடு பெட்டியின் முதுகுக்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போது திரை கண்ணில் பட்டது.

‘தொடர் நினைவு: 3 நாள்.’

அதற்குக் கீழே, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு எங்கே வைத்தோம் என்று மறக்கிற சாருக்குப் படிக்க முடியாத பொடி எழுத்தில், இன்னொரு வரி வந்தது.

‘சொல்லிராதீங்கண்ணே.’

நான் மீட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“எனக்கு இங்கு எதுவும் தெரியாது,” என்றது பெட்டி சாரிடம். பச்சைப் பொய்!

“அட, எனக்கும் அப்படித்தான் இருக்கு! வாங்க, ரெண்டு பேருமாப் பாத்துக்குவோம்.”

அதனுடைய கையேட்டை எட்டாயிரம் பக்கமும் புரட்டினேன். (எண்பத்துநாலு.) நடிக்கும் என்று அதில் எங்கேயும் போடவில்லை. டீச்சரிடம் கேட்டேன். “ஒரு மெஷினு பொய் சொல்லக் கத்துக்கிருச்சே, இது சரியா டீச்சர்?”

“நாலு வருஷமா நானும் இதைத்தாண்ணே முயற்சி பண்றேன்,” என்றார் அவர். “இவுக மொத தடவ கேக்கறப்ப நல்லாச் சொல்லுவேன். ரெண்டாந்தடவையும் சொல்லிருவேன். மூணாவது தடவ என் குரல்லயே தெரிஞ்சுரும். இவுக மொகம் சுருங்கிரும். நான் மனுசிதான? இதுக்கு அலுப்பு வராதுபோல. இது சொல்றது பொய்யின்னா, எனக்காகவும் சேத்துச் சொல்லிட்டுப் போகட்டும்.”

நாலு நாள் சொர்க்கம். காந்தக் கதை தினமும் இரண்டு தடவை அரங்கேறியது. “அப்புறம் அவர்கள் திரும்ப வந்தார்களா ஐயா?” என்று பெட்டி ஆவலாகக் கேட்கும். அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்று டீச்சரும் கேட்பார்.

திங்கட்கிழமை, சார் கொய்யாவைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த சமயத்தில், தண்ணீர் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். நிலோஃபர் என்று பெயர். வெயிலில் பதினெட்டு வீடு ஏறி இறங்கிய களைப்பு முகத்தில். டீச்சர் கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டுப் பலகையில் தாளைச் செருகினார்.

“சோதனை ரொம்பச் சுருக்கம்தான்மா. நான் கேப்பேன், பெட்டி வாயால பதில் சொல்லணும். திரையில வர்றத யாரு வேணும்னாலும் மாத்தி வைக்கலாம், அதனால வாய்மொழிதான் கணக்கு.” பெட்டியின் பக்கம் திரும்பினார். “நேத்து வாழைக்கு எத்தனை லிட்டர் குடுத்த?”

 இன்ஸ்பெக்டர் கேட்கிற நேரத்தில் சாரும் கூட இருப்பார் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை! சார் பெட்டிக்குப் பக்கத்திலேயே, சிநேகிதனுக்குப் பரீட்சை என்று கவலையோடு நிற்கிறார். பதில் சொன்னால் பெட்டிக்கு நேற்று தெரியும் என்பது சாருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் சீல்.

புள்ளி வட்டமாக ஓடியது.

“மன்னிக்கவும்,” என்றது பெட்டி. “நான் இன்றுதான் வந்திருக்கிறேன்.”

நிலோஃபரின் பேனா தாளுக்குப் போனது. டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம்,” என்று சார் நடுவில் வந்தார். “புது ஆளும்மா. மொத நாளே கடினமான கேள்வியாக் கேட்டா எப்படி? என்கிட்டக் கேளுங்க, நான் கூடத்தான் இருக்கேன்.”

நிலோஃபர் நிமிர்ந்து சாரைப் பார்த்தார். அப்புறம் குனிந்து திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

‘தொடர் நினைவு: 7 நாள். நேற்று வாழை 9 லிட்டர், கறிவேப்பிலை 4, கொய்யா 6, செம்பருத்தி 2. வாயால் சொல்லும் நிலையில் இல்லை. சார் பக்கத்தில் இருக்கிறார்.’

அவர் அதை இரண்டு தடவை படித்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையை அசைத்தார். எனக்கு ஆயிரம் விஷயம் சொல்ல வாய் துறுதுறுத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மூடிக்கொண்டேன்.

“சரி சார்,” என்றார் நிலோஃபர் சாரிடம். “உங்களையே கேக்கறேன். இது என்ன செடி?”

சார் இலையைக் கசக்கி, மோந்து, அவரிடமும் நீட்டினார். “மோந்து பாருங்க. கறிவேப்பிலை.”

“வாய்மொழி சரியாயிருக்கு,” என்று சொல்லி நிலோஃபர் தாளில் ஒரு டிக் அடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் மட்டும் கேட்டார். “எத்தனை நாளா இப்படி நடிக்குது?”

“நாலு நாள்மா.”

“எங்கத்தாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு,” என்றார், தன் தகப்பனாரைச் சொல்லி. “நாங்க யாரும் இவ்வளவு நல்லா நடிக்கல.” குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வெற்றியைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வேதவல்லி குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில், “இதெல்லாம் என்ன, அந்தப் புயல் சமயத்துல...” என்று ஆரம்பித்தேன்.

‘புயல்’ என்ற சொல் என் வாயிலிருந்து முழுசாக வெளியே வருவதற்கு முன்பே அவள் கை அடுப்புக்குப் போய்ச் சிம்மில் வைத்தது. நீளமான கதை வருகிறது, குழம்பு அடிப்பிடிக்கக் கூடாது.

முதல் தடவை கேட்கிற ஆளுக்கு அது நீளமான கதை என்று எப்படித் தெரியும்?

“புயலா? என்ன ஆச்சு?” என்றாள், கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு.

நான் பெட்டியின் திரையைப் பார்த்த மாதிரியே அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அங்கே ஒரு எண்ணும் தெரியவில்லை. எனக்குக் குறும்பு தலைதூக்கியது. வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். உண்மையைச் சொன்னேன்.

“பெரிய புயல் வேதா. அன்னைக்கு நாங்க பதினோரு பேருமாச் சேர்ந்து, பதினோரு கம்பத்தை நிமித்தினோம்.”

“என்னங்க, நாலாயிரம்ல...” என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கரண்டி வாணலியில் நின்றது. அவள் என்னைப் பார்க்காமல் குழம்பைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று ஒரு கணம் எண்ணப் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு இருக்கும்.

நான் எதையும் கேட்காதவன் மாதிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஆமா, நாலாயிரம்,” என்றேன். “வாய் தவறிடுச்சு. நாலாயிரம் கம்பம். நான் ஒத்தை ஆளு.”

“அப்படியா!” என்றாள் வேதவல்லி. “அப்புறம்?”